காக்கை காளியின் பூர்வோத்தரம்

எனக்கு ராஜ தந்திரம் கற்றுக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மிச்சி. மற்றவர் ஒரு காக்கை.

அம்மிச்சி என்றால் கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவள் என்று அர்த்தம். சூலூர்ப் பெரிய குளத்துக்கு அப்பால் எங்கள் தோட்டத்துச் சாளை இருந்தது. ராத்திரியில் களத்து மேட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அவள் கதை சொல்லுவாள். பஞ்ச தந்திரம் என்ற பெயரை அவள் தன் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதிலுள்ள கதைகளில் பாதி அவளுக்குத் தெரியும். காட்டில் ஒரு சிங்க ராஜா. அவனுக்குச் சிநேகிதமாக ஒரு காளை மாடு. இருவரையும் பிரித்து வைக்க ஒரு நரி. நரி இங்கே ஒரு பேச்சும் அங்கே ஒரு பேச்சுமாகப் பேசி முடிக்கும்போது, சிங்கம் காளையைக் கொன்று போட்டுவிட்டிருக்கும்.

"அவ்வளவுதான் கண்ணு, தூங்கு" என்பாள் அம்மிச்சி.

"நரி என்ன ஆச்சு?" என்பேன் நான்.

"நரிக்கு என்ன? மந்திரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிவிடுவாள். எனக்குத் தூக்கம் வராது. போதாக்குறைக்குக் குளத்து மேட்டிலிருந்து நிஜமான நரிகள் வேறு ஊளையிடும். மந்திரிகளெல்லாம் கூடிப் பேசுவதாக எனக்குத் தோன்றும்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது 1985ஆம் வருஷம். அப்போது எனக்கு வயது பத்து. மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் தகப்பனார், பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக் கடையிலிருந்து 'பூந்தளிர்' என்ற பத்திரிகையை வாங்கி வந்தார். அதில் ஒரு காக்கை, நரியின் மூக்கை உடைத்துக்கொண்டிருந்தது. காக்கையின் பெயர் காளி.

வாசகர்கள் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் காளி என்பது ஆண் பிள்ளைக்கும் வைக்கிற பெயர். தெருவுக்கு ஒரு காளியப்பனாவது இருப்பான். ஆகவே அந்தக் காக்கை வேற்றூர்க்காரனாக எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் புளிய மரத்திலிருந்து கிளம்பிப் போய்ப் பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டதாகவே நம்பினேன். அவன் பிறந்த இடம் பம்பாய் என்று தெரிந்தபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது.

காளியின் பூர்வோத்தரம் இதுதான். அனந்த் பை என்பவர் கார்க்களாவில் 1929ல் பிறந்தவர். 1967ல் 'அமர் சித்திரக் கதை' வரிசையை ஆரம்பித்து, புராணங்களையும் சரித்திரங்களையும் படக்கதைகளாக்கியவர். அவர் 1980 ஏப்ரலில் 'டிங்கிள்' என்ற ஆங்கிலச் சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் லூயிஸ் பெர்னாண்டஸ் என்பவர் கற்பனை செய்தவன்தான் இந்தக் காக்கை. காட்டில் கீச்சு, மீச்சு என்று இரண்டு முயல்கள். அவற்றைத் தின்ன அலைகிற ஒரு நரி. குளத்தில் ஒரு முதலை. நரியும் முதலையும் சேர்ந்து திட்டம் போடும். மரத்தின்மேல் உட்கார்ந்து காளி கேட்டுக்கொண்டிருப்பான். கடைசியில் நரியின் வாலை முதலை கடித்துக்கொண்டிருக்கும். இந்த மாதிரிக் கதைகளைத் தமிழில் கொடுத்ததுதான் 1984ல் பை கம்பெனியார் தொடங்கிய 'பூந்தளிர்'. அதற்கு ஆசிரியராக இருந்தவர் வாண்டுமாமா.

வாண்டுமாமாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் எனக்குப் பாவம் சேரும். புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்தில் 1925ல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி என்பவர்தான் அவர். பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன். குழந்தைகளுக்கு எழுதும்போது வாண்டுமாமா. 2014ல் காலமாகும் வரையில் நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். 'ஷிகாரி ஷம்பு' என்ற பயந்தாங்கொள்ளி வேட்டைக்காரன் அவருடைய பத்திரிகையில் 'வேட்டைக்கார வேம்பு' ஆனான். தந்திரக்கார மந்திரி ஒருவன் 'மந்திரி தந்திரி' ஆனான். சுப்பாண்டியோ நம்மவனேதான். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியனுப்பிய சப்பாண்டிக் கதைகளிலிருந்து பம்பாயில் உருவாகி, பிறகு தாய் நாடு திரும்பியவன். மொழிபெயர்ப்பு என்றால் வார்த்தைக்கு வார்த்தை போடுவது என்று நினைப்பவர்கள் அந்தப் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டும். அங்கே பேசிய யானையும் முயலும் தமிழ் நாட்டில் ரேஷன் கார்டு வைத்திருப்பவை போலவே பேசின.

அந்த நாளில் பெரிய பையன்களின் கட்சி வேறு. அவர்களுக்குச் சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்துகொண்டிருந்த 'முத்து காமிக்ஸ்'தான் வேதம். இரும்புக்கை மாயாவிதான் தெய்வம். பேசும் மிருகங்களைப் படிப்பவர்களை அவர்கள் பால் குடிக்கிற பிள்ளைகள் என்று கேலி செய்வார்கள். பெரியவர்களுக்கோ இரண்டு கட்சியுமே ஆகாது. படக்கதை படித்தால் படிப்பு வராது என்பது அப்போது பூகோளப் பாடத்தைப் போல நிச்சயமான சங்கதி. எங்கள் வகுப்பு வாத்தியார் ஒருவர் என் பையிலிருந்த 'பூந்தளி'ரைப் பிடுங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். பிற்பாடு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் அதை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இதழ் மட்டும் திரும்பி வரவில்லை.

வாத்தியாரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அமெரிக்காவில் இதே விசாரணை 1954ல் செனட் சபைக் கமிட்டியின் முன்னிலையிலேயே நடந்தது. வெர்தாம் என்ற மனநோய் மருத்துவர் படக்கதைகள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார். பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை முத்திரை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆனால் டிஸ்னியின் வாத்தையும் எலியையும் அச்சிட்டுக்கொண்டிருந்த டெல் கம்பெனி மட்டும், 'எங்களுக்கு முத்திரை வேண்டாம்' என்று ஒதுங்கி நின்றது. அந்த வாத்துக் கதைகளில் மிகச் சிறந்தவற்றை எழுதி வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர் புத்தகத்தில் இருக்காது. பிள்ளைகள் கோட்டின் அழகைக் கொண்டே கண்டுபிடித்து, 'நல்ல வாத்துக்காரர்' என்று அவரைக் குறிப்பிட்டார்கள். 1947ல் அவர் உண்டாக்கிய கருமி மாமா வாத்து இன்றைக்கும் உலகமெங்கும் காசை எண்ணிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பேசும் மிருகம் காகிதத்தில் வந்தால் கெடுதல். திரையில் வந்தால் புண்ணியம்! கோயம்புத்தூர் இராமநாதபுரத்துச் சாண்டோ சின்னப்பா தேவர் யானையை வைத்துப் படமெடுத்தார். ஆட்டை வைத்துப் படமெடுத்தார். 1971ல் ஹிந்தியில் வெளிவந்த அவருடைய யானைப் படத்தை நாடே பார்த்தது. 1977ல் 'ஆட்டுக்கார அலமேலு' வந்தபோது எங்கள் அம்மிச்சி டூரிங் கொட்டகைக்கு நடந்தே போய் மூன்று தடவை பார்த்தாளாம். "அந்த ஆட்டுக்கு இருக்கிற புத்தி உங்க தாத்தனுக்கு இல்லை" என்பது அவளுடைய விமர்சனம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நரி என்ன ஆச்சு?

பஞ்ச தந்திரம் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட நூலல்ல. ராஜகுமாரர்கள் மூன்று பேருக்கு அரசியல் கற்பிக்க ஏற்பட்டது என்று அதன் முன்கதையே சொல்லுகிறது. அதன் முதல் தந்திரம் மித்திரபேதம், அதாவது சிநேகிதர்களைப் பிரிப்பது. அம்மிச்சி சொன்ன கதை அதுதான். தமனகன் என்ற நரி கோள் சொல்லி, சஞ்சீவகன் என்ற காளையைக் கொல்வித்து, சுகமாக வாழ்கிறான். மூன்றாவது தந்திரத்தில் நம் காக்கை வருகிறது. ஆனால் காளி அல்ல. அந்தக் காக்கை மந்திரி அடிபட்டவன் போல வேஷம் போட்டு, ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுந்து, அவற்றின் குகை வாசலில் குச்சிகளைக் கொண்டுவந்து குவித்து, பகலில் கண் தெரியாத ஆந்தைக் குலத்தையே தீ வைத்துக் கொளுத்திவிடுகிறான். அரசியல் பாடம் அப்படித்தான் இருக்கும்.

ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் அனுஷீர்வானின் வைத்தியர் பர்ஸோய் இந்த நூலைத் தம் பாஷைக்குக் கொண்டுபோனார். எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா என்ற மேதை அதை அரபியில் எழுதினார். 'கலீலா, திம்னா' என்று இரண்டு நரிகளின் பெயரே புத்தகத்தின் பெயராயிற்று. மிருகங்களின் உருவங்களைப் பல வர்ணங்களில் பார்த்தால் அரசர்கள் மனம் களிக்கும் என்று அவர் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பிற்காலத்துச் சித்திரக்காரர்கள் அதைச் சிரமேற்கொண்டு வரைந்து தள்ளினார்கள். படக்கதைக்கு ஆதரவாக இதைவிடப் பழைய சாட்சியம் யாருக்கு வேண்டும்?

அதைக் காட்டிலும் முக்கியமான காரியம் ஒன்றும் செய்தார். அம்மிச்சியிடம் நான் கேட்ட கேள்வி அவரையும் தூங்கவிடவில்லை போலும். காளை செத்து, நரி மந்திரியாகி, கதை முடிந்துவிடுவதா? மூலத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் அரபி நூலில் இருக்கிறது. அவரே சேர்த்தது என்பது அறிஞர்களின் கருத்து. அதில் நரியைப் பிடித்துச் சிறையிலடைத்து, சபை கூட்டி, சாட்சி விசாரித்து, தண்டனை கொடுக்கிறார்கள். காளைக்கு அங்கே நியாயம் கிடைத்துவிட்டது. எழுதியவருக்குக் கிடைக்கவில்லை. அரசியல் விரோதத்தால் முப்பது சொச்சம் வயதிலேயே அவரைக் கொன்றுபோட்டார்கள்.

தமிழில் இந்தக் கதைகளை வசனத்தில் கொடுத்தவர் தாண்டவராய முதலியார். மராத்தியிலிருந்து மொழிபெயர்த்தார்; வெளியான வருஷம் 1826. அவர் வேலை பார்த்த சென்னைக் கல்விச் சங்கம் கும்பினி உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழ் கற்பிக்க ஏற்பட்ட ஸ்தாபனம். ஆக, ஆளப் பிறந்தவர்களுக்கென்று ஏற்பட்ட நூல் ஆள வந்தவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது! பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. 1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 'அம்புலிமாமா'வை ஆரம்பித்தபோது மிருகக் கதைகளுக்கும் பூதக் கதைகளுக்கும் படத்தோடு ஒரு நிரந்தரமான வீடு கிடைத்தது. அதிலே விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் படத்தை வரைந்த சங்கர் எங்கள் கொங்கு நாட்டுக்காரர். தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924ல் பிறந்தவர். 1952ல் அம்புலிமாமாவில் சேர்ந்து அறுபது வருஷம் வரைந்தார். 2020ல் காலமானார், மறு வருஷம் பத்மஸ்ரீ வந்தது. கொங்கு நாட்டுக்காரருக்கு அவசரம் கிடையாது. விருதுகளுக்கு அதைவிட அவசரம் கிடையாது.

'பூந்தளிர்' காலத்து மிருகங்கள் செய்த புரட்சி என்னவென்றால், நியாயத்தையும் கொடுத்துக் கொலையையும் நிறுத்திவிட்டன. கபீஷ் என்ற குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அனந்த் பை கற்பனை செய்து, மோகன்தாஸ் வரைந்து, 1976ல் பிறந்தவன். இஷ்டத்துக்கு நீளும் வால் அவனுடைய ஒரே ஆயுதம். அந்த வாலால் மானைக் காப்பாற்றுவான், புலியைக் கட்டுவான், வேட்டைக்காரனைத் தூக்கிப் பொத்தென்று போடுவான். மிருகங்கள் அந்த வேட்டைக்காரனுக்கு வைத்திருந்த பெயர் தோபாயா, அதாவது இரண்டு காலன்! மனுஷ ஜாதிக்கு இதைவிடப் பொருத்தமான பட்டத்தை நான் கண்டதில்லை. பெல்ஜியத்தில் ஃபிராங்கின் என்ற சித்திரக்காரர் 1952ல் மார்ஸுபிலாமி என்றொரு விசித்திர ஜந்துவைப் படைத்தார். அதற்கும் எட்டு மீட்டர் வால். அதற்கும் வால்தான் ஆயுதம். யாரைப் பார்த்து யார் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. உலகத்தில் எங்கேயும் பத்து வயதுப் பையனுக்கு வால் வேண்டியிருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

புலியும் சாவதில்லை, நரியும் சாவதில்லை. அடுத்த இதழில் பட்டினியோடும் புதுத் திட்டத்தோடும் வந்து நிற்கும். பழைய காக்கை பகைவரைக் கொளுத்திற்று. காளி அவர்களைச் சிரிப்புக்கு இடமாக்கி அனுப்பினான். இது குழந்தைகளை ஏமாற்றுவதாகாதா, உலகம் அப்படியா இருக்கிறது என்று கேட்பீர்கள். இதே கேள்வியை என்னிடம் கேட்டவன் ஒருவன் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு தறிக்காரர் குடியிருந்தார். அவர் மகனுக்கு என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டத் திணறியவன், காளி பேசுகிற பேச்சை மட்டும் விரல் வைத்துத் தடதடவென்று படிப்பான். அந்த வீட்டில் பத்திரிகை வாங்க வழியில்லை. எனக்கோ வியாபார புத்தி அதிகம். ஓர் இதழைப் படிக்க ஐந்து காசு கட்டணம் வைத்தேன். காசில்லாத நாளில் கொடுக்காப்புளி கொண்டுவருவான், வாங்கிக்கொள்வேன். ஒரு நாள் அவனிடம் அதுவுமில்லை. கதை நடு வழியில் நின்றிருந்தது. முயல்கள் இரண்டும் நரியிடம் மாட்டிக்கொண்டிருந்தன.

"கடைசியில என்னாச்சுன்னு மட்டும் சொல்லு" என்று கெஞ்சினான்.

"நரி முயலைத் தின்னுபோட்டுது" என்று சொல்லிவிட்டு இதழை மூடினேன்.

அவன் என்னையே பார்த்தான். "இருக்காது. காளி உட மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் பத்திரிகை கேட்டு அவன் வரவில்லை. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனான்.

காலம் ஓடிற்று. எண்பதுகளின் முடிவில் பூந்தளிர் நின்றுபோயிற்று. பிறகு அம்புலிமாமாவும் நின்றது. என் பெட்டியிலிருந்த இதழ்கள், நான் காலேஜில் இருந்தபோது, எடைக்கு எடை பழைய பேப்பர்க்காரரிடம் போயின. எங்கள் ஊர் மண்ணில் கிடைத்த, குறிகளும் எழுத்தும் பொறித்த ஒரு புராதனமான மண் தட்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. என் பூந்தளிர்கள் கடலைப் பொட்டலமாயின. நொய்யலுந்தான் மாறிப் போயிற்று. பஞ்ச தந்திரத்து நரி ஒன்று சாயத் தொட்டியில் விழுந்து நீலமாகி ராஜாவானதல்லவா? திருப்பூருக்குக் கீழே சாயத் தண்ணீர் ஓடிய வருஷங்களில் அந்த நரிக்குத் தொட்டியே தேவைப்பட்டிருக்காது. ஆற்றில் இறங்கினாலே போதும். 2011ல் ஹைகோர்ட் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிடும்படி ஆயிற்று.

2022ஆம் வருஷம் தைக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். கோவை, திருப்பூர்ப் பக்கத்து விசைத்தறிகளெல்லாம் கூலி உயர்வு கேட்டு நின்றுபோயிருந்த சமயம். பிறந்தது முதல் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவனுக்கு ஊர் செத்துப் போனது மாதிரி இருந்தது. பழைய எதிர் வீட்டுத் திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. நாலு தறி வைத்திருந்தானாம். நூலும் பாவும் கொடுப்பவர்கள் வேறே. கூலிக்கு நெய்து கொடுப்பது இவன் வேலை. ஒப்புக்கொண்ட கூலி வருஷக் கணக்கில் கைக்கு வரவில்லை. இரண்டு தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டான்.

"கிலோக் கணக்குல எடுத்துட்டுப் போனாங்கப்பா" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு நீ ஒரு முடிவு சொன்னியே, நரி முயலைத் தின்னுபோட்டுதுன்னு. அதுதாம்ப்பா நெசமாட்ட இருக்குது" என்றான்.

முப்பத்தேழு வருஷம் அதை அவன் ஞாபகம் வைத்திருந்தான்! நாவல் எழுதிப் பிழைக்கிற நான், நியாயம் என்றும் கலை என்றும் மேடைகளில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்தத் திண்ணையில் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அரபி நாட்டு மேதையை நினைத்துக்கொண்டேன். உலகத்தில் நரி தண்டனை பெறுகிறது என்று நம்பியா அவர் அந்த அத்தியாயத்தை எழுதியிருப்பார்? அரண்மனையில் வேலை பார்த்தவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் எழுதினார். தமனகன் மந்திரியானான் என்பது நடந்த செய்தி. அவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது கேட்பவனுடைய உரிமை. அந்த உரிமையைத்தான் ஐந்து காசுக்காக நான் ஒரு பிள்ளையிடமிருந்து பறித்திருந்தேன்.

"நான் அன்னிக்குச் சொன்னது பொய்" என்றேன். "நீ போனதுக்கப்புறம் அந்தக் கதையில் நரிதான் தோற்றது. காளி பார்த்துக்கொண்டே இருந்தான். முயல் இரண்டும் தப்பித்துவிட்டன."

அவன் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே மின்சாரக் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றான் அவன். பிறகு சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "அஞ்சு காசு இப்பச் செல்லாதே, என்ன பண்றது?" என்றான்.

கொடுக்காப்புளி இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.